துருக்கியில் நெஞ்சு வலித்தால் என்ன சொல்வது? தமிழ் வழியாகச் சில இதயச் சொற்கள்

அங்காராவுக்கு நாங்கள் குடிவந்த இரண்டாவது வருஷம், அப்பா மூன்று மாதம் தங்கிப் போகலாம் என்று வந்திருந்தார். ஒருநாள் மாலை நடந்துவிட்டுத் திரும்பும்போது தலை ஒரு மாதிரி இருக்கிறது என்றார். தெருமுனை மருந்துக்கடையில் உட்கார வைத்தேன். கடைக்காரப் பெண் அவர் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, "ஒன் அல்துயா ஒன், ஆம்ஜா" என்றாள். பதினாறுக்குப் பத்து. எண்கள் எனக்கு நன்றாகவே புரிந்தன. பதினாறு என்றால் என்ன என்பதுதான் புரியவில்லை. "என்னம்மா சொல்றாங்க?" என்று அப்பா கேட்டார். "பயப்பட ஒண்ணும் இல்லப்பா, கம்மியாத்தான் இருக்கு" என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

அது 160க்கு 100. துருக்கியில் பிரஷரை மில்லிமீட்டரில் சொல்ல மாட்டார்கள், சென்டிமீட்டரில் சொல்வார்கள், அதாவது நம் எண்ணில் கடைசிச் சுழியம் இருக்காது. நம்முடைய 120க்கு 80 அங்கே 12க்கு 8. இரவு பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் மருத்துவமனைக்குக் கிளம்பினோம். அப்பாவுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நாலு மணி நேரம் சும்மா போனது என் மனசை இன்னும் அறுக்கிறது. படிக்க, வேலைக்கு, கல்யாணமாகி என்று துருக்கிக்கு வரும் தமிழர்கள் யாரும் அந்த நாலு மணி நேரத்தை இழக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் எல்லோரும் தமிழில் நினைத்து, அதை ஆங்கிலமாக்கி, ஆங்கிலத்திலிருந்து துருக்கிக்குப் போகிறோம். இதயம், வலி, உடம்பு சம்பந்தமான பேச்சுக்கு அது சுற்றுவழி. துருக்கி மொழியின் வாக்கிய அமைப்பு தமிழ் மாதிரியேதான், வினைச்சொல் கடைசியில் வரும், ஒட்டுகள் பின்னால் ஒட்டிக்கொண்டே போகும். உடம்பு நோவைச் சொல்லும் விதமும் பல இடத்தில் அச்சு அசல் நம்முடையது. ஆங்கிலம் தேவைதான், ஆனால் அது காகிதத்துக்கு. வாய்க்குத் தமிழிலிருந்து நேராகப் போங்கள்.

முதலில் ஒலி

இங்கே எல்லாச் சொல்லையும் தமிழ் எழுத்தில் தருகிறேன், அதனால் சில விஷயங்களைப் பழக்கிக்கொள்ள வேண்டும். துருக்கி எழுத்தில் புள்ளி இல்லாத ஐ ஒன்று உண்டு. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் அதில் திண்டாடுவார்கள். நமக்கு அது பிறவியிலேயே வரும், 'பாட்டு', 'காசு' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் அரைகுறையாக வருகிற குற்றியலுகரம்தான் அது. வலி என்பதற்கு 'ஆரு' என்று கீழே எழுதியிருப்பேன், அதன் கடைசி உகரத்தை அப்படித்தான் விட வேண்டும்.

மேலே இரண்டு புள்ளி வைத்த யு எழுத்துக்கு, நாக்கை 'இ' சொல்ல வைத்துக்கொண்டு உதட்டை 'உ' சொல்லக் குவியுங்கள். ஆங்கில சி மாதிரி தெரிவது ஜ. அதற்கே கீழே வால் இருந்தால் ச்ச. வால் உள்ள எஸ் என்றால் ஷ. தலையில் பிறைபோல வளைவு உள்ள ஜி எழுத்துக்குப் பெரும்பாலும் ஒலியே கிடையாது, முன்னால் உள்ள உயிரை நீட்டினால் போதும்.

அந்த நீட்டல் முக்கியம். 'கொஸும்' என்றால் என் கண், அதில் வரும் ஸ ரீங்காரமாக இருக்கும். 'கோஸும்' என்றால் என் நெஞ்சு, அதில் சாதாரண ஸ. குறிலை நெடிலாக்கினால் கண் நெஞ்சாகிவிடும். குறில் நெடிலில் வளர்ந்த நமக்கு இது கஷ்டமே இல்லை.

எந்த இதயம்?

அகராதியில் இதயம் என்று தேடினால் மூன்று சொல் வரும்: கல்ப், யுரெக், கொனுல். கல்ப் அரபியிலிருந்து வந்தது, மருத்துவரிடம் சொல்லும் இதயம் இதுதான். யுரெக் பழைய துருக்கிச் சொல், நம் 'நெஞ்சுரம்' என்பதில் உள்ள நெஞ்சு மாதிரி. தைரியசாலியை 'யுரெக்லி' என்பார்கள், கசாப்புக் கடையில் தொங்கும் ஆட்டு இதயமும் யுரெக்தான். கொனுல் என்பது மனசு, அதற்கு இசிஜி எடுக்க முடியாது. ஆக மருத்துவமனையில் கல்ப் மட்டும் போதும். 'என் இதயம்' என்றால் கல்பிம். துருக்கி எழுத்தில் இங்கே கடைசி வல்லெழுத்து மெல்ல மாறும், தமிழில் இரண்டுக்கும் ஒரே ப என்பதால் உங்கள் வாய் தானாகவே சரியாகச் சொல்லிவிடும்.

வலியைச் சொல்லும் வாக்கியங்கள்

கட்டுரையில் மற்றதை எல்லாம் மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள்.

தலை சுற்றுகிறது: பஷும் தொனுயோர். பஷ் தலை, பஷும் என் தலை, தொனுயோர் சுற்றுகிறது. சொல்லுக்குச் சொல் தமிழ். கண் இருட்டிக்கொண்டு வந்தது: கொஸும் கரர்து, என் கண் கறுத்தது. நெஞ்சு இறுக்குகிறது: கோஸும் சுகுஷுயோர். நெஞ்சு வலிக்கிறது: கோஸும் ஆருயோர். மூச்சு முட்டுகிறது என்பதற்கு நெஃபெஸிம் தரலுயோர், என் மூச்சு குறுகுகிறது என்று பொருள். நமக்குச் சில்லென்று வியர்க்கும், அவர்களும் இரட்டித்தே சொல்வார்கள், 'சோவுக் சோவுக் தெர்லியோரும்', குளிரக் குளிர வியர்க்கிறேன். இடது கை மரத்துப் போகிறது: சொல் கொலும் உயுஷுயோர்.

வலி பரவுவதை எப்படிச் சொல்வது என்று நான் ரொம்ப நாள் திணறியிருக்கிறேன். ஆங்கிலத்தில் அதற்கு உள்ள மருத்துவச் சொல்லைத் துருக்கியாக்கித் தேடினால் கதிர்வீச்சு பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். அவர்கள் சொல்வது எளிமையானது: 'ஆரு சொல் கொலுமா வுருயோர்', வலி என் இடது கைக்கு அடிக்கிறது. முதுகுக்கு என்றால் 'சுர்துமா வுருயோர்', தாடைக்கு என்றால் 'ச்செனெமே வுருயோர்'. இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதுமே அவசரப் பிரிவில் உங்களைப் பார்க்கும் பார்வை மாறும்.

இது எல்லாம் 'என்' வாக்கியம். அப்பாவுக்காகப் பேசுகிறீர்கள் என்றால், 'பபமுன் கோசு ஆருயோர்', என் அப்பாவின் நெஞ்சு வலிக்கிறது. அம்மா என்றால் 'அன்னெமின்'. இந்த இரண்டு தொடக்கத்தையும் தனியாக மனப்பாடம் செய்யுங்கள், ஏனென்றால் நம்மில் பலர் மருத்துவமனைக்கு முதலில் போவது ஊரிலிருந்து வந்த பெற்றோரைக் கூட்டிக்கொண்டுதான்.

படபடப்புக்கு ச்சர்புந்து என்று பெயர், அடித்தல், மோதல் என்ற வினையிலிருந்து வந்தது. 'ச்சர்புந்தும் வர்' என்றால் எனக்குப் படபடப்பு இருக்கிறது. இந்த 'வர்' நம் 'இருக்கு' செய்கிற வேலையை எல்லாம் செய்யும். கேள்வியாக்க 'மு' சேர்த்தால் 'வர் மு?', இருக்கா? மருத்துவர் முதல் நிமிஷத்தில் கேட்பது 'ஷெகெரினிஸ் வர் மு, தன்சியோனுனுஸ் வர் மு?' ஷெகெர் என்றால் சர்க்கரை, தன்சியோன் என்றால் பிரஷர். 'சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா' என்று நம் ஊர் மருத்துவர் கேட்பது அப்படியே அங்காராவில் கேட்கும். முதல்முறை அதைக் கேட்டபோது எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

மயங்கி விழுந்தார் என்பதற்கு 'பயுல்து'. 'பயுல்தும்' என்றால் மயங்கினேன். யாராவது உங்கள் சமையலைச் சாப்பிட்டுவிட்டு 'பயுல்தும்!' என்றால் பதற வேண்டாம், அவ்வளவு பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

தன்சியோனும் டென்ஷனும்

இந்தச் சொல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழர்கள் விழும் குழி இதுதான். நமக்கு டென்ஷன் என்றால் மன அழுத்தம். அவர்களுக்குத் தன்சியோன் என்றால் ரத்த அழுத்தம் மட்டும். 'தன்சியோனும் வர்' என்று சொன்னால் எனக்கு பிரஷர் வியாதி இருக்கிறது என்று கோப்பில் எழுதிக்கொள்வார்கள். மனசு சரியில்லை என்று சொல்ல 'ஸ்ட்ரெஸ்' என்றே சொல்லலாம், புரியும். பிபி என்ற இரண்டெழுத்து சாதாரண மக்களிடம் செல்லாது.

மேல் எண்ணுக்கு 'புயுக் தன்சியோன்', பெரிய பிரஷர். கீழ் எண்ணுக்கு 'குச்சுக் தன்சியோன்', சின்ன பிரஷர். ஆங்கிலக் காகிதத்தில் இருக்கும் சிஸ்டாலிக், டயஸ்டாலிக் என்பது இவைதான். வீட்டில் கருவி வைத்திருந்தால் அது 163 என்று காட்டும், அதை மருத்துவரிடம் 'ஒன் அல்து' என்றே சொல்லிப் பழகுங்கள். ஒன்று முதல் இருபது வரை எண்களை ஒரே நாளில் கற்றுவிடலாம், அதில் 12 ஒன் இகி, 14 ஒன் தொர்த், 16 ஒன் அல்து, 18 ஒன் செகிஸ், இவற்றைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். துடிப்புக்கு நபுஸ் என்று பெயர், அதற்கு இந்தக் கணக்கு கிடையாது, நம்மைப் போலவே நிமிஷத்துக்கு 72 என்றுதான் சொல்வார்கள்.

இதயத்துக்குள் இருப்பவை

இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. மேலறைக்குக் குலக்ச்சுக், கீழறைக்குக் கருஞ்ஜுக். குலக் என்றால் காது, குலக்ச்சுக் குட்டிக் காது. கருன் என்றால் வயிறு, கருஞ்ஜுக் குட்டி வயிறு. ஆங்கிலத்தில் வெண்ட்ரிக்கிள் என்று எழுதியிருப்பதும் லத்தீனில் குட்டி வயிறுதான், மேலறையின் பழைய பெயரான ஆரிக்கிளும் குட்டிக் காதுதான். ஆங்கிலத்தில் அது புதைந்து கிடக்கிறது, துருக்கியில் தெருவில் போகும் குழந்தைக்கும் தெரியும்.

ரத்தக்குழாய் தமர். ரத்தம் கன். தமனிக்கு அதர்தமர், சிரைக்குத் தொப்லர்தமர். அதர் என்றால் எறிகிற, தொப்லர் என்றால் சேர்க்கிற. இதயத்திலிருந்து ரத்தத்தை எறிகிற குழாய், திரும்பச் சேர்த்துக்கொண்டு வருகிற குழாய். பள்ளியில் தமனி எது சிரை எது என்று நான் எத்தனை முறை மாற்றி எழுதியிருப்பேன்! உஸ்மானியர் காலத்தில் இவற்றுக்கு ஷிர்யான், வெரித் என்ற அரபிப் பெயர்கள் இருந்தன. 1932இல் துருக்கி மொழிக் கழகம் தொடங்கி, பிறமொழிச் சொற்களுக்குப் பதிலாகத் துருக்கி வேர்களிலிருந்து சொல் ஆக்கிய காலத்துப் பழக்கம் இந்த மாதிரிச் சொற்களில் தெரியும். தனித்தமிழ்ச் சொற்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஆசை புரியும். தந்துகிக்குக் குல்ஜல் தமர், முடி போன்ற குழாய். ஆங்கிலத்தின் கேபிலரியும் முடியிலிருந்து வந்ததே.

வால்வுக்குக் கபக். சட்டி மூடியும் கபக்தான். 'கபாந்தா கச்சக் வர்' என்றால் வால்வில் கசிவு இருக்கிறது. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் மர்மர் சத்தத்துக்கு உஃபுரும், ஊதல் என்று பொருள். குழந்தையின் இதயத்தில் உஃபுரும் என்று சொன்னால் ஊதுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கிறது என்றுதான் அர்த்தம், பல குழந்தைகளுக்கு அது ஆபத்தில்லாமல் தானாகவே மறையும், மருத்துவர் எகோ பார்த்துச் சொல்வார்.

பக்கத்து உறுப்புகளையும் சொல்லிவிடுகிறேன். ஈரல் ஜியெர். நுரையீரல் அக்ஜியெர், வெள்ளை ஈரல். கல்லீரல் கராஜியெர், கறுப்பு ஈரல். நம்மைப் போலவே ஒரு ஈரலை வைத்துக்கொண்டு இரண்டையும் பிரித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இந்த உறவே கிடையாது.

மாரடைப்பு என்று எல்லாவற்றையும் சொல்லாதீர்கள்

தமிழில் நாம் 'ஹார்ட் அட்டாக்' என்று மூன்று வேறு விஷயங்களைச் சொல்கிறோம். துருக்கியில் மூன்றும் தனித்தனிச் சொல், அவற்றின் வேரைப் பார்த்தால் நோயே விளங்கும்.

கல்ப் கிரிஸி, இதய நெருக்கடி. இதயத்துக்கு ரத்தம் போகும் குழாய் அடைத்து, தசை செத்துக்கொண்டிருக்கிறது, அதாவது மாரடைப்பு. ஆங்கிலக் காகிதத்தில் எம்ஐ, துருக்கிக் காகிதத்தில் 'மியோகார்த் என்ஃபார்க்துசு'. 'கல்ப் கிரிஸி கெச்சிர்தி' என்றால் அவருக்கு அட்டாக் வந்தது.

கல்ப் துர்மசு, இதயம் நின்றுபோதல். ஆங்கிலத்தில் கார்டியாக் அரெஸ்ட். ஆள் நினைவிழந்து, மூச்சு இல்லாமல் கிடப்பார்.

கல்ப் யெத்மெஸ்லி. ஆங்கிலத்தில் ஹார்ட் ஃபெயிலியர், தமிழில் இதயச் செயலிழப்பு. இதைக் கேட்டதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று உட்கார்ந்து அழும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். துருக்கிச் சொல் பயமுறுத்தாது: யெத்மெக் என்றால் போதுதல், யெத்மெஸ் என்றால் போதாது. இதயம் நிற்கவில்லை, அது இறைக்கும் ரத்தம் உடம்புக்குப் போதவில்லை. என்னைக் கேட்டால் இதயப் போதாமை என்று தமிழிலும் சொல்லலாம், அதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அடைப்பு இருக்கிறது என்று சொல்ல 'தமர் துகலு'. நம் ஊரில் மூணு பிளாக் என்போம், அவர்கள் 'உச் தமர் துகலு', மூன்று குழாய் அடைத்திருக்கிறது. பைபாஸ் ஆனவரைப் பற்றி 'மூணு தமர் மாறியது' என்று பேசிக்கொள்வார்கள். ரத்தக் கட்டி புஹ்து. பக்கவாதம் இன்மே, இறங்குதல் என்ற சொல். ஒழுங்கில்லாத துடிப்பு 'ரிதிம் பொஸுக்லூ', காகிதத்தில் அரித்மி.

இன்னொரு குழி 'அன்ஜின்'. ஆங்கிலத்தில் ஆஞ்ஜைனா என்றால் நெஞ்சு வலி. துருக்கியில் அன்ஜின் என்றால் தொண்டை அழற்சி, குழந்தைகளுக்கு மழைக்காலத்தில் வருமே அது. அப்பாவுக்கு அன்ஜின் என்று சொன்னால் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்ப்பார்கள். இதயத்து ஆஞ்ஜைனாவுக்கு 'அன்ஜினா பெக்தோரிஸ்' என்று முழுதாகச் சொல்ல வேண்டும், இல்லை கோஸும் சுகுஷுயோர் என்று சொன்னாலே போதும். இது பிரெஞ்சிலிருந்து வந்த குழப்பம். இஸ்தான்புல்லின் மருத்துவப் பள்ளி 1827 மார்ச் 14இல் தொடங்கியது, அந்த நாளைத்தான் இன்றும் மருத்துவர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1839 முதல் 1870 வரை அங்கே பாடம் பிரெஞ்சில் நடந்தது. காகிதச் சொற்கள் பலவற்றில் பிரெஞ்சு வாடை அடிப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். அதனால் ஆங்கில மருத்துவச் சொல் தெரிந்தவர்கள் அறிக்கையைப் படித்துவிடலாம், ஹிபெர்தன்சியோன், கொலெஸ்தெரோல், அன்ஜியோகிராஃபி எல்லாம் கண்ணுக்குப் பழகியவைதான். பேச்சில்தான் ஆங்கிலம் கைவிடும்.

அவசரம் என்றால்

112. ஆம்புலன்ஸுக்கும் போலீசுக்கும் அதே எண். நெஞ்சில் இறுக்கம், கைக்கோ தாடைக்கோ அடிக்கும் வலி, குளிர்ந்த வியர்வை, இவை வந்து சில நிமிஷத்தில் விடவில்லை என்றால் கூப்பிடுங்கள், கேஸ் டிரபிள் என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். காரை எடுத்துக்கொண்டு நீங்களே கிளம்பவும் வேண்டாம். எடுத்தவுடன் 'அம்புலன்ஸ் லாஸும்', ஆம்புலன்ஸ் வேண்டும். அடுத்து 'பபம் கல்ப் கிரிஸி கெச்சிரியோர்'. அட்டாக்கா என்று உறுதியாகத் தெரியவில்லை என்றால் கூடவே 'கலிபா' என்று சேர்த்துக்கொள்ளுங்கள், போல இருக்கிறது என்று அர்த்தம். முகவரியில் மஹல்லே (பேட்டை), தெரு, கதவு எண், மாடி, இவற்றைத் துருக்கியில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் இன்றைக்கே ஒட்டிவிடுங்கள்.

அவர்கள் கேட்பவை இரண்டு: 'பிலின்ஜி அச்சுக் மு?', நினைவு திறந்திருக்கிறதா? 'நெஃபெஸ் அலுயோர் மு?', மூச்சு எடுக்கிறாரா? நாம் மூச்சு விடுவோம், அவர்கள் எடுப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆம் எவெத், இல்லை ஹயுர்.

மருத்துவமனையில் அஜில் என்று சிவப்பு எழுத்தில் இருக்கும், அதுதான் அவசரப் பிரிவு. உள்ளே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நோயாளிகளைப் பிரிப்பார்கள். நெஞ்சு வலி என்று சொல்லாமல் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொன்னால் பச்சைப் பக்கம் அனுப்பிவிடக்கூடும், அங்கே வெகுநேரம் காத்திருக்க நேரும்.

அவசரம் இல்லை, சும்மா பார்க்க வேண்டும் என்றால்

அரசு மருத்துவமனைக்கு 182இல் அழைத்தோ செயலியிலோ ரன்தெவு, அதாவது அப்பாயின்ட்மென்ட், எடுக்க வேண்டும். பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம். 'கோயுஸ் ஹஸ்தலுக்லரு' என்று ஒன்று இருக்கும், நெஞ்சு நோய்கள் என்று பொருள், நெஞ்சு வலி என்று நினைத்து நம்மவர்கள் அதில் பதிவு செய்துவிடுகிறார்கள். அது நுரையீரல் பிரிவு. நீங்கள் தேட வேண்டியது கார்தியோலொஜி. 'கல்ப் வெ தமர் ஜெர்ராஹிசி' என்பது அறுவை சிகிச்சைப் பிரிவு, கார்தியோலொஜி மருத்துவர் அனுப்பினால் போனால் போதும். அங்கே மருத்துவர் பெயருக்கு முன் 'ஒபெராதொர்' என்று இருந்தால் இயந்திரம் ஓட்டுகிறவர் என்று நினைக்க வேண்டாம், சர்ஜன்.

அங்காராவில் இதய மருத்துவத்துக்கு நீண்ட பெயர் உண்டு. துருக்கியின் முதல் இதய மாற்று அறுவையை 1968 நவம்பரில் கெமால் பெயாஸுத் இந்த ஊரில்தான் செய்தார். மாற்று அறுவைக்குக் கல்ப் நக்லி என்று பெயர். வீடு மாற்றும் லாரியிலும் நக்லியாத் என்று எழுதியிருக்கும், இரண்டும் இடம் மாற்றுதல்.

மருத்துவரை 'ஹொஜம்' என்று கூப்பிடுங்கள், ஆசிரியரே என்று பொருள், எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வயதானவர்களை அவர்கள் ஆம்ஜா, தெய்ஸே என்பார்கள், சித்தப்பா, சித்தி என்பது மாதிரி, அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. கேள்விகள் இப்படி வரும்: எப்போது ஆரம்பித்தது, 'நெ ஸமான் பஷ்லது?' நடந்தால் அதிகமாகிறதா, 'யுருயுன்ஜே அர்துயோர் மு?' ஓய்வெடுத்தால் போகிறதா, 'தின்லெனின்ஜே கெச்சியோர் மு?' சிகரெட் குடிக்கிறீர்களா, 'சிகரா இச்சியோர் முசுனுஸ்?' பீடி குடிக்கிறான் என்று நம் கிராமத்தில் சொல்வோமே, அதே குடித்தல்தான்.

சோதனைகளில் இசிஜிக்கு எகாகே. டிரெட்மில் சோதனைக்கு எஃபோர். ஆஞ்சியோவுக்கு அன்ஜியோ, எம்ஆர்ஐக்கு எமார். பேஸ்மேக்கருக்கு கல்ப் பிலி, பில் என்றால் ரிமோட்டில் போடும் பேட்டரிதான். அது உள்ளவர்கள் எமார் அறை வாசலிலேயே 'கல்ப் பிலிம் வர்' என்று உரக்கச் சொல்லிவிட வேண்டும். செரும் என்றால் குளுக்கோஸ் ஏற்றுவது. ஊசிக்கு ஈனே, துணி தைக்கும் ஊசிக்கும் அதே சொல். தீவிர சிகிச்சைப் பிரிவு யோவுன் பகும், நோயாளியோடு தங்கும் துணைக்கு ரெஃபகத்ச்சி. 'ரெஃபகத்ச்சி கிம்?' என்று செவிலியர் கேட்டால் கையைத் தூக்குங்கள்.

மாத்திரை விஷயம்

ஊர் மாத்திரையின் கம்பெனிப் பெயர் அங்கே செல்லாது. எக்கோஸ்பிரின் என்றால் யாருக்கும் தெரியாது, உள்ளே இருப்பது ஆஸ்பிரின், அங்கே கோராஸ்பின் என்ற பெயரில் இருக்கும். நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டுக்கு அங்கே இசோர்தில், மக்கள் பேச்சில் 'தில் அல்து', அதாவது நாக்கடி. நீங்களாக மாற்றி வாங்காதீர்கள், ஆனால் ஒவ்வொரு மாத்திரையின் உள்மருந்துப் பெயரும் எத்தனை மில்லிகிராம் என்பதும் ஒரு தாளில் இருக்கட்டும். உள்மருந்துக்கு எத்கென் மத்தே என்று பெயர். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 'கன் சுலந்துருஜு' என்ற சொல்லைப் பல் பிடுங்கப் போனால்கூடச் சொல்ல வேண்டும், ரத்தத்தைத் தண்ணியாக்குவது என்று அர்த்தம்.

பெட்டியின் மேல் மருந்துக்கடைக்காரர் பேனாவால் எழுதித் தருவார். 'அச்ச் கர்னுனா' வெறும் வயிற்றில், 'தொக் கர்னுனா' சாப்பிட்ட பிறகு. இதிலும் அந்த வயிறுதான், இதயத்தின் குட்டி வயிற்றுக்குப் பெயர் கொடுத்த அதே கருன். இரவில் தேவைப்பட்டால் 'நொபெத்ச்சி எஜ்ஸானே' எது என்று கேளுங்கள், முறைவைத்துத் திறந்திருக்கும் கடை. மூடியிருக்கும் கடையின் கண்ணாடியிலேயே அன்றைய முறைக்கடையின் முகவரி இருக்கும்.

வீட்டுக்கு அனுப்புவதற்குத் தபுர்ஜு என்று பெயர். அன்று அவசரத்தில் கிளம்பிவிடாதீர்கள். 'எபிகிரிஸ்' வாங்க வேண்டும். பெயரில் கிரிஸ் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அது டிஸ்சார்ஜ் சம்மரி. என்ன செய்தார்கள், எந்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள், என்ன மாத்திரை என்று எல்லாம் அதில் இருக்கும், ஊருக்குப் போனால் நம் மருத்துவருக்கு அது ஒன்று போதும். அதன் மருத்துவச் சொற்களில் முக்கால்வாசி அவருக்குப் படித்தாலே புரிந்துவிடும், நடுவே வரும் தமர், கபக், யெத்மெஸ்லி மாதிரிச் சொற்களுக்கு மட்டும் நீங்கள் ஓரத்தில் பென்சிலால் தமிழ் எழுதிக் கொடுங்கள். அப்பாவின் தாளில் நான் பக்கத்துக்கு ஐந்தாறு இடத்தில் எழுதிக் கொடுத்தேன். படியிறங்கும்போது வாசலில் நின்ற காவலர் அவரைப் பார்த்து 'கெச்மிஷ் ஒல்சுன், ஆம்ஜா' என்றார், கடந்து போனதாக இருக்கட்டும் என்று அர்த்தம். நோயாளியைப் பார்த்தால் அங்கே எல்லோரும் சொல்லும் சொல் அது, பதிலுக்கு 'சாவோல்' என்றால் போதும். அப்பா அதை அன்றைக்கே கற்றுக்கொண்டுவிட்டார்.